அடையாளக் கார்டில் ஒரு ராஜபார்ட்

பிள்ளைகளே,

போன சனிக்கிழமை அலோர் ஸ்டார் மெர்கோங் வீட்டின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் செய்த வேலையை நான் பார்த்தேன். ஆபீஸ் விருந்தாம், பழைய காலத்து அலங்காரத்தில் வரவேண்டுமாம். பெரியவள் முடியைச் சுருட்டிச் சுருட்டிக் கிளிப் போட்டாள். சின்னவள் கண்மையை இழுத்து இழுத்துக் காதுவரை கொண்டுபோனாள். தம்பி, மீசை முளைக்காத இடத்தில் பென்சிலால் ஒன்று வரைந்துகொண்டு, "அப்பா, அந்தக் காலத்துல இப்படித்தானே லா?" என்று கேட்டான். நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு சொல்லில் முடிகிற விஷயம் இல்லை அது. பழைய காலத்து அலங்காரம் ஒன்றை நானே என் கையால் செய்திருக்கிறேன். நீங்கள் செய்தது சோப்புப் போட்டதும் போய்விட்டது. நான் செய்தது அரசாங்கத்தில் பதிவாகிவிட்டது. அதைக் கழுவ ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.

அப்போது நாங்கள் பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரன் மலாயாவில் அறிவித்த அவசரகாலம். காட்டில் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக்கூடாது என்று எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, கேட்டில் மாத்தாக்களை நிறுத்தியிருந்தார்கள். போலீஸ்காரரை அப்போது மாத்தா என்றுதான் சொல்வோம். வேலியைத் தாண்டிப் பால்வெட்டப் போனாலும் சரி, பாலிங்குக்குப் பஸ் ஏறப் போனாலும் சரி, படம் ஒட்டிய அடையாளக் கார்டைக் காட்டவேண்டும். அரிசியோ சோறோ ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது. கார்டில் இருக்கிற முகமும் கழுத்துக்கு மேலே இருக்கிற முகமும் ஒன்றாக இருக்கவேண்டும். எளிமையான சட்டம்தான்.

முதலில் கொடுத்த கார்டுகளைக் காட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு நாள் பிடுங்கிக் குவித்து எரித்துவிட்டார்கள். அதனால் இரண்டாவது தடவை படம் எடுக்க அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு சீனப் படக்காரர் வரப்போவதாகத் தோட்ட ஆபீஸ் கிராணி, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திவைத்துச் சொன்னார். "ஆளுக்கு ஒரு படம். நல்லா வந்தாலும் அதுதான், நாசமா வந்தாலும் அதுதான். அப்புறம் மூக்கு கோணலா இருக்குன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது."

முதல் தடவை எங்களுக்கு அனுபவம் போதாது. எல்லாரும் படத்தில் பிடிபட்ட திருடர்கள் மாதிரி விழுந்திருந்தோம். இரண்டாவது தடவைக்குள் தோட்டம் விவரமாகிவிட்டது. காடு, குண்டு, ஊரடங்கு எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, லயம் முழுக்கப் பவுடர் வாசனை. கோலாலம்பூரில் ஒரு பெரிய துரை உட்கார்ந்து நம் முகங்களை ஒவ்வொன்றாக ரசித்துப் பார்ப்பார் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை. கங்காணி வீட்டில் ஒரு கோட்டு இருந்தது. அதைக் கெஞ்சிக் கெஞ்சி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பின்னால் கார்டுகள் வந்தபோது தோட்டத்து ஆண்களில் பாதிப்பேர் ஒரே கோட்டுக்குள் இருந்தார்கள். எல்லாருக்கும் அதே இடத்தில் ஒரு பொத்தான் இல்லை.

என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, கோட்டுக்குப் போட்டி போடவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. பாலிங்கில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர், எங்கள் தோட்டத்துக் கடைக்கும் லாரியில் சாமான் கொண்டுவருகிறவர், அவருடைய மகளை அண்ணனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை கடை வாசலில் அவளைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு வேறு பேச்சே கிடையாது. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் இருந்த எங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தைதான் நடுவில் நின்று பேசியவள். போய்ப் பேசிவிட்டு வந்தவள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி படத்தைப் பாக்கணுமாம்டா. அந்த மனுஷன் ஒரு நாடகப் பைத்தியம். கடையில சாமி படத்தைவிட ராஜபார்ட்டு படம்தான் ஜாஸ்தி. எல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க, தோள் வரைக்கும் சுருள்முடி. இப்ப இருக்கிற பையனுங்க தலையப் பாத்தா பூனை நக்கிவிட்ட மாதிரி இருக்காம். மாப்பிள்ளைன்னா ஒரு லட்சணம் வேணுங்கிறாரு."

அவர் சொன்ன லட்சணம் அப்போதே இருபது வருஷப் பழசு. எங்கள் வயசுக்காரர்கள் முன்முடியை எண்ணெய் போட்டுத் தூக்கி வாரிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத்தை, அவருக்கு ராஜபார்ட்டு வேணும், அவ்வளவுதானே? சர்க்கார் எப்படியும் ஒரு படம் எடுக்குது. அதுலயே இன்னொரு பிரதி படக்காரர்கிட்ட கேட்டு வாங்கிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் செய்யணும்."

என்னைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கோயில் திருவிழா நாடகத்துக்கு முகம் எழுதுகிறவன் நான்தான்; மேடை ஏறினவன் இல்லை. அவசரகாலத்தில் நாடகம் நின்றுபோனதால் என் அரிதாரப் பெட்டி, அது ஒரு பழைய பிஸ்கட் டின், கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தது. திறந்து பார்த்தால் ராஜா தலைமுடியை எலி தின்றிருந்தது. மந்திரியின் தாடி மட்டும் பத்திரமாக இருந்தது. எலிக்கும் ஒரு தராதரம் இருக்கிறது.

அத்தையின் சவுரியை வாங்கினேன். கொடுக்க அவளுக்கு மனசில்லை. "உங்கண்ணனுக்குக் குடும்பம் ஆகணுமேன்னு குடுக்குறேன். ஒரு முடி கொறைஞ்சாலும் உன் தலையில இருந்து எடுத்துக்குவேன்" என்றாள். சவுரியைக் குட்டிக் குட்டிப் புரியாகப் பிரித்து, கெட்டியான சோற்றுக்கஞ்சியில் முக்கி, மூங்கில் குச்சிகளில் இறுக்கிச் சுற்றி, தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்தேன். காய்ந்ததும் குச்சியை உருவினால் சுருள் அப்படியே கம்பிபோல நின்றது. கிழிந்த குடைத்துணியில் ஒரு குல்லாய் தைத்து, சுருள்களை அதில் வரிசையாகக் கோத்தேன். உள்ளே இருப்பது குடை என்று யாரும் சொல்லமுடியாது.

ஒட்டுவதற்குத்தான் பசை இல்லை. இல்லாவிட்டால் என்ன, நாங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள்தானே. அன்று வெட்டிய பாலையே ஒரு விரலால் தொட்டு நெற்றி ஓரம் முழுக்கத் தடவினேன். அண்ணன் முகத்துக்கு முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, அதன்மேல் ரோஸ் பவுடர். விளக்குக் கரியில் புருவம், கண்கோடு, நூல் மாதிரி ஒரு மீசை. உதட்டுக்குக் குங்குமம். நடு நெற்றியில் சந்தனப் பொட்டு. அண்ணனுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. "வாயைத் தெறக்காத, சிரிக்காத, யாராவது கேட்டா தலையை மட்டும் ஆட்டு" என்று சொல்லி அழைத்துப்போனேன்.

படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். "வாயாங் கா?" என்று கேட்டார். நாடகமா என்று அர்த்தம். கிராணி நிமிரவே இல்லை. "ராஜாவா இருந்தாலும் மந்திரியா இருந்தாலும் பேரைச் சொல்லிட்டு உக்காரு." அண்ணன் உட்கார்ந்தார். மளிகைக்கடைப் படங்களில் இருக்கிற மாதிரி தாடையைத் தூக்கி, பக்கவாட்டில் ஆகாயத்தைப் பார்த்தார். படக்காரர் வந்து தாடையைப் பிடித்து நேராகத் திருப்பிவைத்தார். அண்ணன் மறுபடி ஆகாயத்துக்குப் போனார். படக்காரர் மறுபடி வந்து திருப்பினார். சர்க்கார் படத்துக்கு இரண்டு காதும் தெரியவேண்டுமாம். சுருளுக்குள் காதைத் தேடி எடுத்து வெளியே விட்டது நான்தான்.

அந்த முடியைக் கழற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த ரப்பர் பாலைத் தோலிலிருந்து உரிக்கும்போது அதோடு சொந்த முடியும் வந்துவிடும். அண்ணன் போட்ட சத்தத்துக்கு மாத்தா கேட்டிலிருந்து ஓடிவந்தார்.

பிரதி பாலிங்குக்குப் போனது. மளிகைக்கடைக்காரர் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்து, கிட்டப் பிடித்துப் பார்த்து, "இதுதான் முகம்!" என்றாராம். பெண் பார்க்க வரச்சொல்லி நாளும் குறித்துவிட்டார். அண்ணன் லயத்துக்கும் கிணற்றடிக்கும் பாட்டோடு நடந்தார். அப்புறம் கார்டுகள் வந்தன.

மறுநாள் காலை கேட்டில் மாத்தா கார்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கார்டைத் திருப்பிப் பார்த்தார். பாலிங் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் அவர். "புக்கான் இனி ஓராங்" என்றார். இந்த ஆள் இல்லை. அண்ணன் தாடையைத் தூக்கி, வாயை மூடி, பார்வையை ஆகாயத்தில் வைத்துக் காட்டினார். மாத்தா பொறுமையாகக் காத்திருந்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, கடமையானவர். கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்கும்.

கிராணியிடம் போனோம்.

"படம் தப்புன்னா மாத்தலாம். அலோர் ஸ்டார் ஆபீசுக்கு நீயே நேர்ல போகணும்."

"போறதுக்குக் கேட்டைத் தாண்டணுமே சார்?"

"கார்டைக் காட்டிட்டுப் போ."

"கார்டுல இருக்கிறது நான் இல்லேங்கிறாரே சார்."

"அதனாலதான் மாத்தணுங்கிறேன்."

 பிறகு கிராணி, தீர்ப்புச் சொல்கிற மாதிரி சொன்னார்: "இந்தா பாரு. கார்டு சர்க்கார் குடுத்தது, அதுல தப்பு இருக்காது. மூஞ்சி ஒங்கப்பா குடுத்தது. அதைச் சரி பண்ணிக்கிட்டுப் போ."

சரி பண்ணினோம். ராஜபார்ட்டாகக் கேட்டைத் தாண்டி, ராஜபார்ட்டாகப் பஸ்ஸில் உட்கார்ந்து, சாமான் மூட்டைகளுக்கு நடுவே ராஜபார்ட்டாக அலோர் ஸ்டார் போய்ச் சேர்ந்தார் அண்ணன். கூட நானும் போனேன், வழியில் மீசை கலைந்தால் சரிசெய்ய. ஆபீசில் இருந்தவர் கார்டையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்படியே இருக்கீங்களே! இதுல என்ன மாத்தணும்?" என்றார். அண்ணன் கை தலைமுடிக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே கழற்றினால், வேறு யாருடைய கார்டையோ வைத்துக்கொண்டு அலோர் ஸ்டார் வரைக்கும் வந்த ஆள் ஆகிவிடுவாரே. அப்படிப் பிடிபட்டவர்கள் எங்கே போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவந்தோம். பஸ்ஸில் அண்ணன் ஒரு வார்த்தைதான் பேசினார். "பசிக்குது." சாப்பிட்டால் உதடு கலைந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அதுவே வழக்கம் ஆகிப்போனது. ரப்பர் மரங்கள் வேலிக்கு வெளியே இருந்தன. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. தினம் விடிகாலையில் மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் நான் அண்ணனுக்கு முகம் எழுதி, முடியைப் பால் தடவாமல் சும்மா மாட்டிவிட்டேன். ஒரு கையில் பால்வாளி, மறு கையில் வெட்டுக் கத்தி, தோளில் சுருள்முடி புரள எங்கள் தோட்டத்து ராஜா வேலைக்குப் போவார். பெண்கள் வரிசையில் சிரிப்பு அடங்காது. "மகாராஜா, இன்னிக்கு எந்த மர நெரையில தர்பார்?" மாத்தாவோ சிரிக்கமாட்டார். நாளாக ஆக அவருக்குக் கண் பழகிவிட்டது. கார்டைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மீசை இடது பக்கம் இறங்கியிருக்கிறது, பொட்டு கொஞ்சம் மேலே போயிருக்கிறது என்று என்னிடம் சொல்லுவார். திருத்தினால்தான் கேட் திறக்கும். என் வேலையை அவ்வளவு கவனமாகப் பார்த்த ரசிகர் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெண் பார்க்கும் நாள் வந்தது. நான் கொஞ்சம் அதிகமாக ஆசைப்பட்டுவிட்டேன். சுருள் ஒன்றும் கலையக்கூடாது என்று முதல் நாளே கஞ்சியை இரண்டு பங்கு கெட்டியாக வைத்து முடியைப் புதிதாகச் சுற்றினேன். அண்ணன், அத்தை, நான், தாம்பாளத்தில் பூ, பழம். கேட்டில் அன்றைக்கு ஓர் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்திருந்தார். அண்ணனின் முடிக்குள் விரலை விட்டார். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. விரலை முகர்ந்து பார்த்தார்.

"நாசி!" என்றார். சோறு.

மாத்தா குறுக்கே வந்து ஏதேதோ விளக்கிச் சொன்னார். இன்ஸ்பெக்டருக்குச் சோறு தலைமுடிக்குள் போகிற வழி புரிந்தது; ஆனாலும் ஒரு பருக்கைகூட வெளியே போகக்கூடாது என்பதுதான் அவருக்குக் கணக்கு. குழாயடியில் கழுவச் சொன்னார். கழுவினோம். சுருளெல்லாம் பிரிந்து, நனைந்த கோழிவால் மாதிரி தோளில் தொங்கியது. கழுவி முடித்ததும் இன்ஸ்பெக்டர் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"இது அந்த ஆள் இல்லையே" என்றார்.

அண்ணன் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்து வெள்ளையில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. எல்லாம் குழாய்த் தண்ணீர்தான் என்று நான் சொல்லமாட்டேன். "போச்சுடா. வராத மாப்பிள்ளைக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்றார்.

அத்தை தாம்பாளத்தோடு தனியாகப் பஸ் ஏறினாள். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தவள் முகத்தில் பாதி சிரிப்பு இருந்தது.

"மனுஷன் குதிகுதின்னு குதிக்கிறாரு. நாள் குறிச்சிட்டு மாப்பிள்ளை வரலேன்னா என்ன மரியாதைங்கிறாரு. சாமான் லாரியில தானே வந்து கேக்குறாராம். அது இருக்கட்டும், உள்ள போனேன், பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அத்தை, அந்தப் படத்துல இருக்கிறவரு எனக்கு வேணவே வேணாம். அவரைப் பாத்தா, நான் தண்ணி குடுங்கன்னா பாட்டு பாடுவாரோன்னு பயமா இருக்கு'ங்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்பனுக்குப் படம் வேண்டும், ஆள் வரவில்லை. மகளுக்குப் படம் வேண்டாம், ஆளை அவள் சரியாகப் பார்த்ததும் இல்லை. அன்றைக்கு அண்ணன் என்னைத் திட்டியதை இங்கே எழுதமாட்டேன். அவர் உங்கள் பெரியப்பா.

லாரி வந்த நாள் நல்ல வெயில். கேட்டுக்கு வெளியே மூட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மளிகைக்கடைக்காரர் கையில் படத்தோடு நின்றார். லாரியின் முன்சீட்டில் அவர் மகள். கண்ணால் பார்க்காமல் சம்மதிக்கமாட்டேன் என்று கூடவே வந்துவிட்டாளாம். அதே நேரம் பார்த்து மரத்துப் பக்கமிருந்து அண்ணன் பால்வாளியோடு வந்தார். வெயிலுக்கு முடியைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார். ஒரு பக்கக் கன்னத்தைச் சட்டைக்கையால் துடைத்துத் துடைத்து வெள்ளை முழுக்கப் போய்விட்டது. மறுபக்கம் அப்படியே இருந்தது. பாதி ராஜா, பாதி பால்வெட்டுக்காரன். மீசையும் பாதிதான்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். "இவரைப் பாக்கத்தான் வந்தேன். இவரு எங்கேப்பா?"

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். மாத்தாதான் வந்து, படத்தை வாங்கிப் பார்த்து, அண்ணனின் இரண்டு கன்னத்தையும் சுட்டிக் காட்டினார். "டுவா டுவா டியா" என்றார். இரண்டுமே அவர்தான். தினம் பார்க்கிறவர் சொல்கிறார், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பெண் லாரியிலிருந்து இறங்கினாள். அண்ணனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். அண்ணன் தன்னை மறந்து வாயைத் திறந்து சிரித்துவிட்டார், முன்பல் தெரிந்தது. அவளும் சிரித்தாள்.

"அப்பா, இந்தப் பக்கத்துக்குப் பேசி முடிங்க" என்று துடைத்த கன்னத்தைக் காட்டினாள்.

"அப்ப அந்தப் பக்கம்?"

"அதை நீங்களே வச்சுக்குங்க. கடையில மாட்டிக்குங்க."

அப்படியேதான் நடந்தது. கடைசிவரை அந்தப் படம் அவர் கடையில் ராஜபார்ட்டுகள் வரிசையில் தொங்கியது. சாமான் வாங்க வந்தவர்கள் யார் இவர் என்று கேட்டால், "நம்ம மருமகன்" என்பார். பக்கத்தில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மருமகனை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

தாலி கட்டும்போது வேஷம் கூடாது என்று உங்கள் பெரியம்மா சொல்லிவிட்டாள். வேஷம் இல்லாமல் அண்ணனால் வெளியே போகமுடியாது. அதனால் பெண் வீட்டார் வேலிக்குள் வந்து, லயத்துக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. மாத்தா விருந்துக்கு வந்தார். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் கார்டைத் தேடினார்.

பிறகு ஒரு நாள் அதே படக்காரர் தோட்டத்துக்கே மறுபடி வந்தார். அண்ணன் முகத்தைக் கழுவி, தலையை ஒட்ட வெட்டி, எதுவும் பூசாமல் போய் உட்கார்ந்தார். பிடிபட்ட திருடன் மாதிரியே விழுந்தது. அந்தக் கார்டு கைக்கு வந்த அன்று எல்லாரும் அதைப் பார்க்க அண்ணன் வீட்டில் கூடியிருந்தார்கள். நான் சவுரியைக் கழுவி அத்தைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. வாளியில் சீயக்காய் கரைத்து வைத்தேன். சுருள்களைக் குல்லாயிலிருந்து பிரிக்கக் கத்திரியை எடுத்தேன். எடுத்ததைக் கீழே வைத்தேன். குல்லாயை என் தலையில் மாட்டினேன். பிஸ்கட் டின் மூடியில் மிச்சம் இருந்த கரியைத் தொட்டு நூல் மாதிரி ஒரு மீசை இழுத்தேன். சுவரில் தொங்கிய கண்ணாடி முன்னால் நின்று, தாடையைத் தூக்கி, படக்காரர் பார்க்கவிடாத அந்தப் பக்கத்தில், தகரக் கூரையைப் பார்த்தேன். ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அசையாமல் நின்றேன். பிறகு குல்லாயைக் கழற்றி வாளிக்குள் அமுக்கினேன்.